வீட்டுத் திண்ணையும் கோயில் சுவரும்



விழா மலர்க் குழுவினர் நம்மிடம் கேட்டது பங்கின் வரலாறு. எந்த ஆண்டில் எந்தச் சுவாமியார் இருந்தார், மணிக்கூண்டு எப்போது எழும்பிற்று, யார் யார் நன்கொடை அளித்தார்கள் என்பவற்றை வேறு பக்கங்களில் அவர்களே அழகாகத் தொகுத்திருக்கிறார்கள். கட்டடத்தின் கதையை அங்கே வாசித்துக்கொள்ளலாம். மனிதர்கள் எப்படிக் கட்டப்படுகிறார்கள் என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச விரும்புகிறோம். அதற்கு நம் தென்பாண்டிச் சீமையின் பழைய வரலாற்றிலிருந்தே இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்கிறோம்.

இப்படி எழுத நம்மைத் தூண்டியது ஒரு நோயாளி சந்திப்பு. சென்ற தபசு காலத்தில், தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு பாட்டியம்மாளுக்கு நோயில் பூசுதல் கொடுக்கச் சென்றிருந்தோம். பெற்ற மக்களின் பெயர் அவருக்கு நினைவில்லை. நம்மை யாரென்றும் தெரியவில்லை. ஆனால் நாம் செபமாலையைத் தொடங்கியதும் அந்த உதடுகள் அசைந்தன. ஐம்பத்து மூன்று மணிக்கும் ஒரு சொல் பிசகவில்லை. அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். அவருக்கு யார் கற்பித்தார்கள்? அவருடைய தாய். அந்தத் தாய்க்கு? அவளுடைய தாய். இப்படியே பின்னோக்கி நடந்தால் முத்துக்குளித்துறைக்கு வந்து சேருகிறோம்.

முத்துக்குளித்துறைப் பரவர் கிறிஸ்தவர்களான கதை உங்களுக்குப் புதிதன்று. 1530-களில் முத்து வாணிகப் போட்டியில் எழுந்த கலகத்தில் நசுக்கப்பட்டவர்கள், கள்ளிக்கோட்டையின் குதிரை வணிகர் ஜான் தக்ரூஸ் என்பவரின் ஆலோசனைப்படி, போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடிக் கொச்சிக்குத் தூது சென்றார்கள். பட்டங்கட்டிகள் முதலில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு ஊர் ஊராக, 1537-க்குள் இருபதினாயிரம் பேர் வரை பெற்றார்கள் என்பர். தனித்தனியே யோசித்து முடிவு செய்தவர்கள் எத்தனை பேர்? மிகச் சிலரே இருந்திருப்பர். ஊர்த் தலைவர்கள் தீர்மானித்தார்கள், ஊர் பின்சென்றது. இதைச் சொல்வதில் நமக்கு வெட்கம் இல்லை. அக்காலத்தில் திருமணமும் தொழிலும் பகையும் நட்பும் அப்படித்தான் முடிவாயின.

ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் சென்றுவிட்டார்கள். கற்பிக்க ஆள் இல்லை. 1542 அக்டோபரில் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தபோது கண்டது என்ன? நீங்கள் எதை விசுவசிக்கிறீர்கள் என்று கேட்டால், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று அவரே எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். பெயர் மாறியிருந்தது. வீட்டுக்குள் ஒன்றும் மாறவில்லை.

அவருக்குத் தமிழ் தெரியாது. தாய்மொழி பாஸ்க். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்துச் சிலுவை அடையாளத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்துகொண்டார். அந்த மொழிபெயர்ப்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. விசுவாசப் பிரமாணத்தின் முதற் சொல்லுக்கு "வேணும்" என்று வைத்திருந்தார்கள்! பிழை தெரிந்ததும், 1544-ல் தம் துணைவர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி, "வேணும்" என்பது விருப்பத்தைக் குறிப்பது, அதை மாற்றி "விசுவாசம்" என்று வரும்படி சொல்லிக்கொடுங்கள் என்று பணித்தார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் நம் முன்னோர் சர்வேசுரனை "வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் போலும். அதுவும் நல்ல செபந்தான் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம்.

மொழி அறியாத அவர் ஓர் ஊரையே கற்பித்தது எப்படி? கையில் மணியுடன் தெருவில் நடந்து சிறுவர்களைக் கூட்டினார். தம்மைச் சாப்பிடவோ, தூங்கவோ, கட்டளைச் செபம் சொல்லவோ விடாமல் பிள்ளைகள் மொய்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் இட்ட பணி மிக எளியது. கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தந்தைக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள் என்றார். நோயாளிகளின் வீடுகளுக்கும் அவர்களை அனுப்பினார். ஒவ்வோர் ஊரிலும் செபங்களை எழுதி ஒரு பிரதி வைத்து, எழுத்தறிந்தவர்களைப் படியெடுக்கச் செய்தார். கற்பிப்பதற்குக் கணக்கப்பிள்ளை என்ற உபதேசியாரை நியமித்தார். இவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! இக்கரையின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 4000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் பாதரட்சைச் செலவுக்கென்று சென்றுகொண்டிருந்தது. அதை உபதேசியார்களுக்குக் கேட்டு வாங்கினார். செபம் அறிந்த இப்பிள்ளைகளே தங்களை மோட்சத்துக்கு ஏற்றிச் செல்லும் நல்ல பாதரட்சைகள் என்று அரசிக்கு எழுதினாராம்.

அவருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கஸ் சுவாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய முன்னோர் யூதர்கள். அந்தக் குலப் பிறப்பைக் காட்டி ஒரு துறவற சபை அவரை வெளியேற்றியது. சேசு சபை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவிலும் "நீ யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்கத்தான் செய்தார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவர் இங்கே வந்து தமிழை முறையாகக் கற்று, தமிழ் இலக்கணம் எழுதினார். 1578 அக்டோபர் 20-ம் நாள் கொல்லத்தில் பதினாறு பக்கங்களில் "தம்பிரான் வணக்கம்" அச்சாயிற்று. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. 1586-ல் "அடியார் வரலாறு" என்ற பெரிய நூலும் வெளிவந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்பதற்குமேல் சொல்லத் தெரியாதிருந்த மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே புத்தகம் வந்துவிட்டது. அவர் 1600-ல் காலமாகித் தூத்துக்குடியில் அடக்கமானார்.

இனி நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 1658-ல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் நகரைவிட்டு அகல நேர்ந்தது. ஒல்லாந்தரின் போதகர் பால்டேயஸ் இக்கரை மக்களைத் தம் சபைக்குத் திருப்ப முயன்றார். கடலும் முத்தும் துறைமுகமும் புதிய எசமானர்களின் கையில். அவர்கள் பக்கம் சாய்ந்தால் இலாபம் உண்டு. ஆயினும் முயற்சி பலிக்கவில்லை. அச்சகம் நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. குருவும் அருகில் இல்லை. மிஞ்சியது மாலையில் விளக்கேற்றியதும் திண்ணையில் முழந்தாளிட்ட குடும்பமும், தலைவர்களின் கட்டுப்பாட்டில் நின்ற ஊரும்தான். 1773-ல் சேசு சபை கலைக்கப்பட்ட பின்பும், 1838-ல் புதிய மதுரை மிஷனுக்குச் சேசு சபைக் குருக்கள் திரும்பி வரும்வரை, தென்னாட்டின் பல ஊர்களில் உபதேசியார்களும் தாய்மார்களுமே வேதத்தைக் காத்தார்கள். பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கல்வியைப் பற்றிய அறிக்கையில் சொன்னது. நம் கரையில் அது புதுக் கொள்கையன்று, பட்டறிந்த செய்தி.

இங்கே நிறுத்தினால் விழா மலருக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அந்தப் பாட்டியம்மாளைப் பற்றி நாம் முழுவதும் சொல்லவில்லை.

செபமாலை முடிந்தது. தாகம் என்று சைகை செய்தார். நம்முடன் வந்திருந்த பூசை உதவிச் சிறுவன் ஓடிப்போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். மக்களின் பெயரை மறந்த அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்: "நீ எந்தத் தெருப் பிள்ளைப்பா?" அவன் தன் தெருவைச் சொன்னான். கை தம்ளரிலிருந்து பின்வாங்கிற்று. மருமகள் வேறு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

செபத்தைச் சொல்லிக்கொடுத்த அதே திண்ணைதான் இதையும் சொல்லிக்கொடுத்திருந்தது. அதே வயதில், அதே மடியில்.

கடற்கரையிலிருந்து சற்று உள்ளே வடக்கன்குளம் இருக்கிறது. 1745-ல் நீலகண்ட பிள்ளை புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆன ஊர் அது. திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தர். மனம் மாறிய பின், சாதி வேற்றுமை பாராமல் எல்லாருடனும் கலந்து பழகினார் என்பதும் அவர்மேல் எழுந்த பகைக்கு ஒரு காரணம் என்பர். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டில் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அந்த ஊரில் 1872-ல் கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்பக் கோயிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள். ஒரு சாதியாருக்கு ஒரு கூடம், மற்றவர்களுக்கு மற்றொன்று. இரண்டும் பீடத்தருகே கூடும். நடுவே சுவர். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போலிருக்கும் என்பதால் "கால்சட்டைக் கோயில்" என்றே பெயர் பெற்றுவிட்டது. சாதிகளின் பெயரை இங்கே நாம் எழுதவில்லை. அறிந்தவர் அறிவர். இரு பகுதியாருக்கும் ஒரே பலி, ஒரே நற்கருணை, ஒரே மந்திரங்கள். பிரசங்கமும் ஒன்றே. இத்தனை ஒன்றுகளால் ஒரு சுவரைத் தடுக்க முடியவில்லை. அதைக் கட்டியவர்கள் குருக்களே என்பதையும் மறைப்பதற்கில்லை. ஊர் சமாதானம் என்ற பெயரில் நம் முன்னோடிகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொடுத்தார்கள்.

1910-ல் சுவர் இடிக்கப்பட்டது. உடனே வழக்கு. திருச்சி மேற்றிராணியார் பார்த் ஆண்டகையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கோயிலில் சாதியின் பேரால் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. வழக்காடியவர்கள் எழுத்தறியாத ஏழைகள் அல்லர். மனு எழுதவும், வக்கீல் வைக்கவும், மேல்முறையீடு செய்யவும் தெரிந்தவர்கள். கல்வி வந்தால் இவையெல்லாம் தானே போய்விடும் என்று மேடைகளில் பேசுகிறோமே, அங்கே கல்வி அந்தச் சுவருக்கு வழக்காடத்தான் உதவிற்று. வீட்டில் விதைத்ததைப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் நீர் ஊற்றி வளர்க்கிறதே தவிர, பிடுங்கி எறிவது அபூர்வம். சவேரியார் பள்ளியை வீட்டுக்குள் அனுப்பினார். நாம் இன்று வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நம் கடமை முடிந்தது என்று இருக்கிறோம்.

சுவர் போய் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நம் பங்கில் அப்படி ஒரு சுவர் என்றுமே இருந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மைதான். ஆனால் திருவிழாவின் பத்து நாட்களை எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று பங்கிடும் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மணி நேரம் செலவாகிறது என்பது பங்குப் பேரவையினருக்குத் தெரியும்.

அன்று வீடு திரும்பும் வழியில் அந்தச் சிறுவன் நம்மைக் கேட்டான்: "சாமி, அந்தப் பாட்டி எந்தத் தெருன்னு ஏன் கேட்டாங்க?"

"வயசானவங்க, அப்படித்தான் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டோம். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அது பதில் அல்ல என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும், நமக்கும் தெரிந்திருந்தது. இம்மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அவனிடம் கொடுத்து, இந்தப் பக்கங்களை வாசிக்கச் சொல்ல எண்ணியிருக்கிறோம்.