ஆண்கள் கைகோத்து நடத்தல்: ஒரு பழக்கத்தின் வரலாறு

2005 ஏப்ரல் 25 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், டெக்சாஸ் மாநிலம் கிராஃபோர்டில் உள்ள தம் பண்ணையில் சவூதி அரேபியாவின் பட்டத்து இளவரசர் அப்துல்லாவை வரவேற்றார். இருவரும் கைகோத்து நடந்து செல்லும் படம் உலகெங்கும் வெளியானது. எண்ணெய் விலை உயர்வே அன்றைய பேச்சின் முக்கியப் பொருள். ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு அந்தக் கைகளே பொருளாயின. அரபு நாடுகளிலோ ஓர் ஆண் இன்னோர் ஆணின் கையைப் பற்றி நடப்பது நட்பையும் மரியாதையையும் காட்டும் வழக்கமான செயல். இளவரசர் விருந்தளித்தவருக்குச் செய்த சிறப்பு அது.

தமிழர்களுக்கும் இதில் வியக்க ஒன்றுமில்லை. சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போகும் நண்பர்களும், தோளில் கைபோட்டுத் திரையரங்கு வாசலில் நிற்கும் இளைஞர்களும் நம் ஊர்களில் எப்போதும் உண்டு. ஓர் ஆணும் பெண்ணும் அவ்வாறு நடந்தால்தான் தெரு திரும்பிப் பார்க்கும்.

தொடுதல் இடத்துக்கு இடம் வேறுபடுவதை 1966இல் உளவியலாளர் சிட்னி ஜுரார்ட் எளிய முறையில் காட்டினார். காப்பிக் கடைகளில் சேர்ந்து அமர்ந்திருப்போர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை ஒருவரையொருவர் தொடுகிறார்கள் என்று அவர் எண்ணினார். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் 180 முறை, பாரிசில் 110, அமெரிக்காவின் கெயின்ஸ்வில்லில் 2, லண்டனில் ஒருமுறைகூட இல்லை. இது சில மேசைகளைப் பார்த்து எடுத்த கணக்கே. நாடுகளின் இயல்பை அளந்த முடிவாகக் கொள்ளக்கூடாது.

இதை வைத்து, மேலை நாட்டு ஆண்கள் என்றுமே விலகி நின்றவர்கள் என எண்ணுவது தவறு. 1837இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு வந்த ஆபிரகாம் லிங்கனிடம் படுக்கை வாங்கப் பணம் இல்லை. கடைக்காரர் ஜோசுவா ஸ்பீடு தம் கட்டிலிலேயே இடம் கொடுத்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இருவரும் அதைப் பகிர்ந்துகொண்டனர். விடுதிகளில் முன்பின் அறியாதவர்களே ஒரே படுக்கையில் உறங்கிய காலம் அது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் புகைப்பட நிலையங்களில் எடுத்த படங்களில் ஆண்கள் கைகோத்தும், தோளில் சாய்ந்தும், நண்பனின் மடியில் அமர்ந்தும் காணப்படுகின்றனர். இத்தகைய படங்களை ஆராய்ந்த வரலாற்றாளர் ஜான் இப்சன், 20ஆம் நூற்றாண்டு வளர வளர அந்த உடல்களுக்கு இடையே இடைவெளி கூடியதைச் சுட்டுகிறார்.

அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் புதிதாகப் பிறந்த அச்சம். ஒருபால் உறவைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லே 1869இல்தான் அச்சேறியது. அதுவரை ஒரு செயலாகக் கருதப்பட்டது, பின்னர் ஒரு வகை மனிதரின் அடையாளமாயிற்று. இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஆண்களுக்கிடையே ‘பெரும் ஒழுக்கக்கேடு’ என்ற, எல்லை வரையறுக்காத குற்றத்தை உருவாக்கியது. அதன்படி 1895இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டுக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. வழக்குச் செய்திகளை நாளிதழ்கள் விரிவாக வெளியிட்டன. நண்பனின் கையைப் பிடிப்பதற்கு முன் யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்கும் நிலை இப்படித்தான் படிப்படியாக வந்தது.

இதே ஆங்கிலேயர் இந்தியாவில் ஆண்மையை அளக்கவும் முற்பட்டனர். மெக்காலே 1841இல் எழுதிய கட்டுரையில் வங்காள ஆண்களை வலுவற்ற, பெண்தன்மை கொண்டவர்களாகச் சித்திரித்தார். 1857 கிளர்ச்சிக்குப் பின் ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்ற பாகுபாடு படைக்கு ஆள் சேர்ப்பதில் வேரூன்றியது. சென்னை மாகாணத்தவருக்கு அதில் மதிப்புக் குறைந்தது. மெக்காலே தலைமையில் வரைவான தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அதன் 377ஆம் பிரிவு ஒருபால் உறவைத் தண்டிக்கப் பயன்பட்டது. ஆயினும் தெருவில் கைகோத்த நண்பர்களை அச்சட்டம் தொடவில்லை. அந்தச் சைகைக்கு நட்பு என்ற ஒரே பொருள்தான் பிறர் கண்ணில் இருந்தது. உண்மையில் காதலித்த ஆண்கள் அந்தப் பொருளின் நிழலில் மறைந்து வாழ வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முத்தத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1979இல் கிழக்கு ஜெர்மனியின் 30ஆம் ஆண்டு விழாவில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் அந்நாட்டுத் தலைவர் ஹோனெக்கரும் உதட்டில் முத்தமிட்டுக்கொண்டனர். பொதுவுடைமை நாட்டுத் தலைவர்களிடையே அது தோழமை வணக்கம். 1990இல் ஓவியர் திமித்ரி வ்ரூபெல் அக்காட்சியைப் பெர்லின் சுவரில் தீட்டியபோது அது எள்ளலாகிவிட்டது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967இல் ஆண்களின் ஒருபால் உறவின் மீதான தடை ஓரளவு நீங்கியது. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவை 377இன் பிடியிலிருந்து விடுவித்தது. லண்டன் தெருவில் கைகோத்து நடக்கும் இரண்டு ஆண்களைப் பார்ப்பவர் இன்று அவர்களை இணையர் என்றே பெரும்பாலும் எண்ணுவார். மதுரைப் பேருந்து நிலையத்தில் அதே காட்சியைக் காண்பவர் நண்பர்கள் என்று எண்ணுவார். இரண்டு ஊர்களிலும் அவருடைய ஊகம் தவறாக இருக்கக்கூடும்.