முளையத்தில் வளர்ச்சிக் காரணிகள் தோன்றும் இடங்கள்

வளர்ச்சிக் காரணி என்பது ஒரு கலம் சுரந்து அயற்கலத்துக்குச் செய்தி சொல்லும் புரதம். முலையூட்டி முளையத்தில் அது எங்கே தோன்றுகிறது என்று கண்டுவிட்டால் அதன் வேலையும் தெரிந்துவிடும் என எண்ணுவது பாதி உண்மையே. நார்க்கல வளர்ச்சிக் காரணிகளுள் பத்தாவதான எஃப்.ஜி.எஃப். 10, சுண்டெலியின் அவயவ அரும்பில் உள்ளிழையத்தில் உருவாகிறது. அதை ஏற்கும் வாங்கியோ அதன்மேல் போர்த்திய மேலணியில் இருக்கிறது. அக்காரணி இல்லாத குட்டிகள் கால்களும் நுரையீரலும் இன்றிப் பிறந்து உடனே இறக்கின்றன என்பதை 1998, 1999 ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. சுரக்குமிடம் ஒன்று, செய்தி சேருமிடம் வேறொன்று. இரண்டையும் இணைத்தே பார்க்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. அரும்பின் நுனியிலுள்ள மேலணி முகட்டில் எஃப்.ஜி.எஃப். 4 தெளிவாகத் தோன்றுகிறது. ஆனால் அதை அங்கு மட்டும் நீக்கினால் கால் வழமைபோலவே வளர்கிறது. அப்படியானால் தோன்றுமிடம் பொருளற்றதா? அல்ல. அதே முகட்டிலுள்ள எஃப்.ஜி.எஃப். 8ஐ நீக்கினால் சில எலும்புகள் குறுகுகின்றன, சில உருவாவதேயில்லை. இரண்டையும் தொடக்கத்திலேயே நீக்கினால் காலே உருவாவதில்லை. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்வதால்தான் முதற் சோதனை ஏமாற்றியது. காலமும் இதில் முக்கியம்: எஃப்.ஜி.எஃப். 4ஐ முழு உடலிலும் இழந்த முளையம், கால் அரும்பும் நாளுக்கு வெகுமுன்பே, கருப்பையில் பதிந்த சிறிது காலத்தில் அழிந்துவிடுகிறது.