1996 மே 25: மின்தட்டுப்பாடும் கணினியின் நேரப்பதிவும்

ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எகர்ட் பராமரித்துவரும் நேர வலயத் தரவுத்தளத்தின் 'ஆசியா/கொழும்பு' பதிவிலிருந்தே லினக்ஸ் கணினிகள் இலங்கை நேரத்தைக் கணிக்கின்றன. 1996 மே 25 அன்று தீவின் நியம நேரமே கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியதிலிருந்து ஆறரைக்கு மாறியதாக அப்பதிவு சொல்கிறது. எகர்டின் இந்த வாசிப்போடு உடன்பட முடியாது. அதே பதிவில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 16 வரை நிலவிய அதே ஆறரை, 'நியமம் ஐந்தரை, சேமிப்பு ஒன்று' எனப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது (சேமிப்பு என்பது பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தக் கடிகாரத்தைத் தற்காலிகமாக முன்தள்ளுவது). முள் இரு முறையும் ஒரே இடத்தில்தான் நின்றது. போர்க்காலத்தில் சேமிப்பாகத் தெரிந்தது 1996இல் நியமமாகிவிட்டது ஏன்?

மறுப்புக்கான சான்று எகர்டின் குறிப்பிலேயே உண்டு. மின்நெருக்கடியை முன்னிட்டே கடிகாரம் முன்தள்ளப்படுகிறது என்ற செய்தியை அவரே அங்கு சேர்த்திருக்கிறார். அன்று நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின்சாரம். ஹட்டனைச் சூழ்ந்த காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள்தான் லக்சபான நிலையங்களுக்கு நீர் தருபவை. வறட்சியில் நீர்மட்டம் இறங்க, மாலை விளக்கேற்றும் நேரத்தைத் தள்ளிப்போட முனைந்தது அரசு. அதன் விலை விடியலில் விழுந்தது. நுவரெலியாவில் மே இறுதியில் பழைய கணக்கில் ஏறத்தாழ 5.50க்கு வரும் சூரிய உதயம் புதிய கணக்கில் 6.50 ஆயிற்று. தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு முன் தொழிலாளர் கூடும் ஆறு மணிப் பெரட்டு கடிகாரப்படியே நடந்திருந்தால் இருட்டில்தான் நடந்திருக்கும்.

பத்தாண்டு நீடித்ததைச் சேமிப்பு என்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் பத்தாண்டு நீடித்தது ஆறரை அல்ல. அக்டோபர் 26இல் அது ஆறாகக் குறைந்து, 2006 ஏப்ரல் 15 வரை ஆறாகவே நின்றது. ஐந்து மாத ஆறரையை இடைக்கால ஏற்பாடென்றும், அதன் பின்வந்த ஆறை நியமமென்றும் பிரிப்பதே பொருந்தும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் ஐந்தரையை விடவில்லை என்பதையும் சான்றாக்கலாம். அது அரசியல் மறுப்பு என்பதால் நான் அதில் அதிகம் சாயவில்லை. அக்டோபர் தளர்வும் விடியலை மீட்டுத் தரவில்லை: ஜனவரி இறுதியில் உதயம் இயல்பாகவே அரை மணி பிந்துவதால், நுவரெலியாவில் மீண்டும் 6.55ஐ ஒட்டியே வெளுத்தது.

திரையில் தெரியும் மணி எந்த வாசிப்பிலும் மாறாது. சேமிப்புக் குறி மட்டுமே மாறும். பிழை தேடுவோரின் சிக்கல் வேறு. 1996 அக்டோபர் 26 நள்ளிரவு 12.30க்குக் கடிகாரம் 12.00க்குத் திரும்பியதால், அந்த அரை மணி இருமுறை வந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் இரவு வேலைப் பதிவில் '12.15' என்றிருந்தால் அது எந்த 12.15 என்பதை ஒருங்கிணைந்த உலக நேரமான யூ.டி.சி.யே தீர்க்கும். 2006இல் தரவுத்தளத்தைப் புதுப்பிக்காத கணினி அரை மணி முந்திக் காட்டியிருக்கும். அதைக் கையால் பின்தள்ளியவர் சரியாக இருந்த யூ.டி.சி.யையே கெடுத்திருப்பார், மாற்ற வேண்டியது வலயக் கோப்பு.

1942இல் ஆறரைக்கு மாறியதற்குப் பதிவில் 'செப்டம்பர்' மட்டுமே உள்ளது; நாள் இல்லாததால் கணினி முதல் தேதியை எடுத்துக்கொள்கிறது. அது உண்மையான நாளாகவும் இருக்கலாம், வெற்றிடத்தை நிரப்பிய வழக்கமாகவும் இருக்கலாம். அந்தத் தேதி தீராவிட்டாலும், 1996 மே வரியைச் சேமிப்பு நேரமாகத் திருத்தத் தடையில்லை.