ஓசூரின் 'ஓ'

ஊர்ப்பெயரைப் பட்டாவாக வாசிக்கிற பழக்கம் எங்கள் எல்லையோரத்தில் ரொம்ப நாளாக இருக்கிறது. ஓசூர் என்பது 'ஹொஸ ஊரு', புது ஊர், ஆகவே இது கன்னட மண் என்பது ஒரு தரப்பு. சுற்றிலும் பேகேபள்ளி, மோரனபள்ளி என்று 'பள்ளி'யாகக் கிடக்கிறதே, கன்னடமாக இருந்தால் 'ஹள்ளி' என்றல்லவா இருக்கும் என்பது எதிர்த்தரப்பு. 2008இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தை ஒட்டித் தகராறு கிளம்பியபோது, சிப்காட் பக்கத்து டீக்கடைகளில் இரண்டையுமே கேட்டேன். ஒலிக்கு நாடு தெரியும் என்று இரண்டு தரப்புமே நம்புகின்றன.

ஒலிக்குத் தெரிந்தது விதி மட்டும்தான். கன்னடத்தில் சொல் முதலில் வரும் 'ப' 'ஹ' ஆயிற்று. பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு, புகை ஹொகெ (ஒகேனக்கல்லின் புகை இதுதான்). சொல்லின் நடுவில் இரட்டித்த 'ப' அசையவில்லை. உப்பு உப்பாகவே இருக்கிறது. இந்த மாற்றம் 10ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கல்வெட்டுகளில் தலைகாட்டி, 14ஆம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது. கன்னடத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று என்று கொண்டாடப்படும் ஹல்மிடிக் கல்வெட்டில் அந்த ஊரின் பெயரே 'பல்மிடி' என்றுதான் இருக்கிறது. வடமொழிப் பெயராயிற்றே என்றும் விதி தயங்கவில்லை: பம்பை ஹம்பெ ஆயிற்று. ஆனால் பூஜெ, புஸ்தக போன்றவை படித்தவர் வாயில் தப்பித்துக்கொண்டன. ஜப்பானிய மொழியிலும் ஆர்மீனியத்திலும்கூட 'ப' இப்படி 'ஹ' ஆகியிருக்கிறது. அங்கெல்லாம் யாரும் எல்லைக்கல்லைப் பிடுங்கவில்லை.

அரச வம்சத்தின் பெயரும் தப்பவில்லை. முதலில் 'பொய்சள', பிறகு 'ஹொய்சள'. தமிழ்க் கல்வெட்டுகள் அவர்களைப் போசளர் என்றே சொல்லிக்கொண்டிருந்தன. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போசள இராமநாதன் கண்ணனூரை விட்டுக் குந்தாணியில் வந்து உட்கார்ந்தான். குந்தாணி இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே அரசனுக்கு ஒரு மொழியில் 'ஹ', இன்னொரு மொழியில் 'ப'. அவன் எந்த மண்ணுக்குச் சொந்தம் என்று எழுத்தைப் பார்த்து முடிவுகட்ட முடியுமா?

இனி 'ஓ'வுக்கு வருவோம். தமிழில் 'ஹ' சொல் முதலில் நிற்காது. ஹரி அரியாகும், ஹிமாலயம் இமயமாகும். எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று சொல்லித்தந்தார்கள். அந்தக் கணக்கில் கன்னடத்தில் திரிந்தது தமிழில் வந்து கெட்டது. 'புது' என்பதன் உறவுச்சொல்தான் 'பொஸ'. அது 'ஹொஸ' ஆகி, எல்லை தாண்டியதும் வெறும் 'ஓச' ஆகிப் பொருளையும் இழந்தது.

தமிழர்கள் பெயரைச் சிதைத்துவிட்டார்கள் என்று குறைபடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பழைய மைசூர்ப் பகுதிக் கிராமங்களில் உழைக்கிற கன்னடர்களும் இந்த 'ஹ'வைச் சொல்வதில்லை. ஹாலு அவர்களுக்கு ஆலு, ஹத்து, அத்து. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதற்காக வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். ஆக, அழுத்தம் திருத்தமான 'ஹோசூர்' என்பது கன்னடத்தின் குரல் என்பதைவிட, படித்த கன்னடத்தின் குரல் என்றே எனக்குப் படுகிறது. நம் இலக்கணமும் அந்தக் கன்னடக் கூலிக்காரரும் ஒரே 'ஓ'வில் வந்து சேர்கிறார்கள். ஆலை வாசலில் தெற்கத்தித் தமிழர்கள் உள்ளூர்க்காரரின் பேச்சைக் கிண்டலடிக்கும்போது இது அவர்களுக்குத் தெரிவதில்லை.

'பள்ளி'யைக் கையில் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கும் சங்கடம் உண்டு. இந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம். தெலுங்கிலும் 'ப' மாறவில்லை. பாலு பாலுதான், புலி புலிதான், பல்லி என்றால் ஊர். பேகேபள்ளியின் 'ப' தமிழ் 'ப'வா தெலுங்கு 'ப'வா என்று ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல வழி கிடையாது.