சென்னை – துபாய் 2,930 கி.மீ.: டிக்கெட்டில் 2¾ மணி, பறப்பதோ 4¼ மணி!

சென்னை மீனம்பாக்கத்தில் இருந்து துபாய் சர்வதேச விமான நிலையம் வரை, வான்வழியாக நேராக அளந்தால் சுமார் 2,930 கிலோ மீட்டர். சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்கு ரோட்டில் போகும் தூரத்தைப் போல 4 மடங்கு. எங்கும் இறங்காமல் நேராகப் போகும் விமானம் இதை சுமார் 4 மணி முதல் 4¼ மணி நேரத்தில் கடந்து விடும். மேல்காற்று எதிரே வீசினால் கொஞ்சம் கூடும், பின்னால் இருந்து தள்ளினால் குறையும்.

ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் கணக்கு இடிக்கும். இதில் தான் பலர் குழம்பிப் போகிறார்கள்.

ஒன்றரை மணி நேர வித்தியாசம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம், புறப்படும் ஊர் கடிகாரப்படி இருக்கும். போய்ச் சேரும் நேரம், சேரும் ஊர் கடிகாரப்படி இருக்கும். நம் நேரத்தை விட துபாய் 1½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை 10 என்றால் அங்கே 8.30 தான்.

உதாரணத்துக்கு, சென்னையில் அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு துபாயில் 6.45-க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கலாம். பார்க்க 2¾ மணி நேரம். அதோடு ஒன்றரையைக் கூட்டினால் 4¼. அது தான் உண்மையான பயண நேரம்.

திரும்பி வரும்போது தலைகீழ். துபாயில் இரவு 10 மணிக்கு ஏறினால் சென்னைக்கு மறுநாள் அதிகாலை 3.30 என்று இருக்கும். பார்க்க 5½ மணி நேரம். ஒன்றரையைக் கழித்தால் 4 மணி நேரம் தான். "10 மணிக்கு ஏறிட்டேன்" என்று போன் வந்ததும் 2 மணிக்கே விமான நிலையம் போய் நிற்க வேண்டாம். விமானம் இறங்கிய பிறகும் குடியுரிமை சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் முடிந்து வெளியே வர 1 மணி நேரம் ஆகலாம்.

சிங்கப்பூருக்கும் சென்னையில் இருந்து கிட்டத்தட்ட இதே தூரம் தான். ஆனால் அந்த ஊர் நம்மை விட 2½ மணி நேரம் முன்னால். அங்கே போகும்போது கழிக்கணும், வரும்போது கூட்டணும்.

நள்ளிரவு தேதி, உஷார்

டிக்கெட்டில் 15-ந்தேதி 00.30 என்று போட்டிருந்தால், அது 14-ந்தேதி ராத்திரி 12 மணி தாண்டி அரை மணி. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். அப்படியென்றால் 14-ந்தேதி இரவு 9.30-க்கே விமான நிலையத்தில் இருக்கணும். 15-ந்தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் பணமும் போகும், வேலையில் சேரும் தேதியும் தவறும்.

வெளியூரில் இருந்து பஸ், ரெயிலில் வருபவர்கள் இந்த 9.30-ஐ வைத்துத்தான் ஊரில் புறப்படும் நேரத்தைக் கணக்குப் போட வேண்டும். பெரும்பாலும் விமானம் கிளம்ப 1 மணி நேரம் இருக்கும்போதே கவுண்ட்டரை மூடி விடுவார்கள்.