இரவல் நாயகன்

1605ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில் ஒரு புதினம் வெளிவந்தது. வீரசாகசக் கதைகளை இரவும் பகலும் படித்து மதி மயங்கிய நாட்டுப்புறக் கனவான் ஒருவர், பழங்கவசம் பூண்டு, மெலிந்த குதிரை மீதேறி, உலகின் அநீதிகளைக் களையப் புறப்படும் கதை அது. 'டான் குவிக்சாட்' என்னும் அப்புதினத்தைப் படைத்த செர்வாந்தஸ் அப்போது 57 வயதினர். 1571இல் லெப்பாந்தோ கடற்போரில் இடக்கை ஊனமுற்றவர். அல்ஜியர்ஸ் நகரில் 5 ஆண்டுகள் அடிமையாய்க் கிடந்து, 1580இல் திரித்துவ சபைத் துறவியரால் மீட்கப்பட்டவர். அவருடைய நாடகங்களும், ஆயர் வாழ்வைச் சொல்லும் காதற்கதையும் தராத புகழை இந்தக் கிறுக்கரின் கதை தந்தது. அதே ஆண்டில் லிஸ்பன் நகரில் திருட்டுப் பதிப்புகளும் தோன்றின.

நாயகனுக்கு இன்னொரு பயணம் உண்டென்று முதற்பாகத்தின் முடிவில் ஆசிரியர் கோடிட்டுக் காட்டியிருந்தார். ஆண்டுகள் பல ஓடியும் அது வரவில்லை. 1614இல், அவெல்லானேதா என்ற புனைபெயரில் ஒருவர் தாமே இரண்டாம் பாகத்தை எழுதி வெளியிட்டார். அவர் யார் என்பது இன்றளவும் உறுதிப்படவில்லை. பிறர் படைத்த நாயகனை எடுத்துக்கொண்டதோடு அவர் அமையவில்லை. படைத்தவரின் முதுமையையும் ஊனமுற்ற கையையும் முன்னுரையில் எள்ளி நகையாடினார்.

செர்வாந்தஸின் மறுமொழி, 1615இல் அவரது சொந்த இரண்டாம் பாகமாக வந்தது. தம் தழும்பு மதுக்கடைச் சண்டையில் பெற்றதன்று என முன்னுரையில் நினைவூட்டியபின், கதைக்குள்ளேயே வழக்கை நடத்தினார். விடுதியொன்றில் போலி நூலைப் பற்றிக் கேள்வியுறும் டான் குவிக்சாட், அந்நூலில் தாம் சென்றதாகச் சொல்லப்பட்ட சரகோசா நகரைத் தவிர்த்துப் பார்சலோனாவுக்குப் போகிறார். போலி நூலின் பாத்திரம் ஒருவரையே சந்தித்து, உண்மையான நாயகர் தாமே என ஊர்த்தலைவர் முன் சான்று பெறுகிறார். இறுதியில், வேறெவரும் அவரை எடுத்தாளாதபடி, மதி தெளிந்து, பாவசங்கீர்த்தனம் செய்து உயிர்விடுகிறார். இழிவுபடுத்த வந்த நூலின் தூண்டுதலும் சேர்ந்தே பிறந்த இந்தப் பாகத்தை, முதற்பாகத்திலும் மேலானதாகக் கருதுவோர் இன்று பலர்.

வாசகர் ரசனையின் விந்தையையும் அந்நூல் பேசுகிறது. ஒருவருக்குக் காற்றாலைச் சண்டை பிடிக்கிறது, மற்றொருவருக்கு வேறொன்று. நடுவே செருகிய கிளைக்கதை பொருந்தவில்லை என்று குறைகூறுவோரும் உண்டு என ஒரு பாத்திரமே சொல்கிறது.

ஆயினும் செர்வாந்தஸ் பெருநம்பிக்கை வைத்த நூல் வேறு. 'பெர்சிலெஸ்' என்னும் அப்புதினத்தின் காணிக்கையுரையை, அவஸ்தைப்பூசுதல் பெற்ற மறுநாள், 1616 ஏப்ரல் 19 அன்று எழுதினார். சில நாளில் இறந்தார். 1617இல் வெளிவந்து பலமுறை அச்சேறிய அந்நூலை இன்று பெரும்பாலும் அறிஞரே படிக்கின்றனர். அவெல்லானேதாவின் நூலோ 1704இல் பிரெஞ்சு மொழியில் உயிர்பெற்று, 1732இல் ஸ்பெயினிலேயே மறுபதிப்புக் கண்டது. செர்வாந்தஸைவிட அவரே மேல் என்ற அறிஞரும் அந்நாளில் இருந்தனர்! அந்தப் புகழும் நிலைக்கவில்லை.

இரவல் வாங்குவோர் எல்லாரும் பகைவர் அல்லர். கத்தோலிக்க எழுத்தாளர் கிரகாம் கிரீன் 1982இல் எழுதிய 'மான்சிஞோர் குவிக்சாட்' புதினத்தில், எல் தொபோசோ ஊரின் பங்குக்குரு, டான் குவிக்சாட்டின் வழித்தோன்றலாக வருகிறார். பொதுவுடைமைவாதியான முன்னாள் ஊர்த்தலைவர் அவருக்குச் 'சாஞ்சோ' ஆகிறார். விசுவாசமும் ஐயமும் ஒரே வண்டியில் நட்போடு பயணம் செய்கின்றன. சாவின் மூலம் செர்வாந்தஸ் அடைத்த கதவை, அன்பு மீண்டும் திறந்தது.

விதைத்தவன் உறங்கும்போதும் விதை வளர்கிறது. எப்படி என்பது அவனுக்குத் தெரியாது என்கிறது நற்செய்தி. எழுதுவோருக்கும், நற்பணி புரியும் எவருக்கும், இதில் எச்சரிக்கையும் உண்டு; ஆறுதலும் உண்டு.