உறைவிடச் சொற்களில் ஓர் இனத்தின் வரலாறு

நெடுங்காலம் எழுத்து வழக்கின்றி வாழ்ந்த ஒரு சமூகத்தின் வரலாற்றை ஆராய முற்படுவோர்க்கு, அச்சமூகத்தின் அன்றாடச் சொற்களே ஆவணங்களாக அமைகின்றன. அவற்றுள் உறைவிடத்தைச் சுட்டும் சொற்கள் தனி மதிப்புடையன. ஒரு மக்கள் எங்கிருந்து பெயர்ந்தனர், எதனைக் கொண்டு வீடமைத்தனர், யாரிடம் கற்றனர் என்பவற்றை அவை ஒருங்கே உணர்த்தும். இதனை விளக்க வடசைபீரியாவின் டோல்கன் மொழியை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

டோல்கன், துருக்கிய மொழிக் குடும்பத்தின் வடகோடி மொழி. இரசியாவின் தைமிர் தீபகற்பத்திலும் அதனை அடுத்த அனபார் பகுதியிலும் வழங்குவது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி டோல்கன் இனத்தவர் ஏறத்தாழ 7,900 பேர். அம்மொழியை அறிந்தவரோ ஏறத்தாழ 1,000 பேரே. தைமிரை வந்தடைந்த எவெங்கிக் குலத்தவர், சாகா மக்கள், இரசியக் குடியானவர் ஆகியோர் சில நூற்றாண்டுகளில் கலந்து உருவான இனம் இது. 'டோல்கன்' என்பதே முன்னர் ஓர் எவெங்கிக் குலத்தின் பெயர். மொழியோ சாகா மொழிக்கு மிக நெருங்கியது.

வீட்டைக் குறிக்கும் பழந்துருக்கியச் சொல் 'எப்' என்பதாகும். 8ஆம் நூற்றாண்டின் ஓர்கோன் கல்வெட்டுகளில் அது காணப்படுகிறது. துருக்கியின் 'எவ்', ககாசு மொழியின் 'இப்', சோர் மொழியின் 'எம்' ஆகியன அதன் வழிவந்தவை. டோல்கன் மக்களோ வீட்டை 'ஜியே' என்பர். சாகா மக்களும் அவ்வாறே வழங்குவர். ஆகவே, வீட்டின் பொதுப்பெயர் ஒன்றே இம்மொழியின் நெருங்கிய உறவைக் காட்டிவிடுகிறது.

வீட்டு வகைகளின் பெயர்களை நோக்கின், கலப்பின் வரலாறு மேலும் தெளிவாகும். நீண்ட கழிகளைக் கூம்பாக நிறுத்திக் கலைமான் தோலால் போர்த்த கூடாரம் 'உரஹா ஜியே' எனப்படும். இது சாகா மொழியோடு பொதுவான பெயர். மரத்துண்டுகளைச் சாய்வாக அடுக்கிப் புல்வேரோடு கூடிய மண்கட்டிகளால் மூடிய குடில் 'கொலொமோ'. இது எவெங்கியரிடமிருந்து வந்த சொல். மூன்றாவது 'பலோக்'. சறுக்குவண்டியின்மேல் மரச்சட்டங்களால் அமைத்த சிறு அறையே பலோக். அதன் உட்புறத்தைத் துணியாலும் வெளிப்புறத்தைக் கலைமான் தோலாலும் கித்தானாலும் மூடுவர். சிறு சன்னலும் இரும்படுப்பும் வைப்பர். கலைமான்கள் அதனை இழுத்துச் செல்லும். இரசிய வணிகரின் வழியே இவ்வமைப்பும் பெயரும் வந்து சேர்ந்தன. கூடாரத்தைப் பிரித்துக் கட்டும் உழைப்பின்றி இடம்பெயர உதவியமையால், பனிவெளியில் வாழ்ந்த மக்கள் அதனை விரும்பி ஏற்றனர்.

மூன்று மக்களின் கலப்பால் உருவான இனம் என்று வரலாற்றாசிரியர் கூறுவதை, இம்மூன்று சொற்களும் தாமே மெய்ப்பிக்கின்றன. அடுப்பின் பெயரோ வேறொரு செய்தியைச் சொல்கிறது. டோல்கன் மொழியின் 'ஒஹொக்', துருக்கியின் 'ஒஜாக்' என்பதற்கு உறவான பழஞ்சொல். வீட்டின் வடிவத்தைப் பிறரிடம் பெற்றபோதும், அதன் நடுவே எரியும் நெருப்பிடத்தின் பெயரை அம்மக்கள் விடாது காத்தனர்.

இன்று இச்சொற்கள் தளர்ந்து வருகின்றன. 1930களில் தொடங்கிய கூட்டுப்பண்ணை முறையும், அதனைத் தொடர்ந்து மக்களை நிலையான ஊர்களில் குடியமர்த்தியமையும் இடம்பெயரும் வாழ்வைச் சுருக்கின. பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் இரசிய மொழியில் பயின்றனர். பலகை வீட்டில் பிறந்து வளரும் குழந்தைக்குக் கொலொமோவின் பெயர் தேவைப்படுவதில்லை. பொருள் மறையின் அதன் உறுப்புகளின் பெயர்களும் அவற்றைச் செய்யும் முறையும் உடன் மறையும். 'பலோக்' மட்டும் இரசிய மொழியில் வேறொரு வாழ்வு பெற்றுள்ளது. வடபுலத்துத் தொழிலாளரின் தற்காலிக அறையையும் அது குறிக்கிறது. பெருமொழியின் துணையுடைய சொல் பிழைக்கிறது, துணையற்றது தளர்கிறது.

எனினும், இம்மொழிக்குப் பாதுகாவலர் இல்லாமல் இல்லை. கவிஞர் ஒக்தோ அக்சியோனவாவின் கவிதைகள் 1973இல் நூலாக வெளிவந்தன. டோல்கன் மொழியின் முதல் நூல் அதுவே. பள்ளிக்குரிய அரிச்சுவடியையும் அவர் உருவாக்கினார். அரிச்சுவடி எழுத்தைக் கற்பிக்கலாம். கழியை நிறுத்தித் தோலைப் போர்த்தும்போது வழங்கிய சொற்களை, அவ்வேலையைச் செய்தவரே சொல்ல இயலும். அவர்கள் வாழும்போதே கேட்டு, பொருளோடும் செய்முறையோடும் சேர்த்துப் பதிவதே மொழிப்பணியின் முதற்படி. ஆசிரியரும் மாணவரும் சொற்பட்டியல் தொகுக்கும்போது இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.